படுத்திருந்த வீரர்

உலகெங்கும் இளைஞர்தம் அறைச் சுவர்களை அணிசெய்த படங்களுள் புரூஸ் லீயின் படத்திற்குத் தனியிடம் உண்டு. மேலாடையின்றி, மார்பும் தோளும் முறுக்கேறி, விலாத் தசைகளை விரல்விட்டு எண்ணலாம் என்னும்படி நிற்கும் அந்தத் தோற்றத்தை ஒருமுறை கண்டவர் மறப்பதில்லை. 1970களில் மலேசியத் திரையரங்குகளிலும் சிங்கப்பூர்த் திரையரங்குகளிலும் அவருடைய படங்கள் ஓடியபோது, அவற்றைக் காணக் கூடியவர் சீன இளைஞர் மட்டுமல்லர். தமிழ் இளைஞரும் மலாய் இளைஞரும் அருகருகே அமர்ந்து கண்டு களித்தனர். மொழி புரியாத இடத்தில் உதையும் குத்தும் மொழியாயின. ஆயினும், அந்தச் சுவர்ப்படம் காட்டாத காட்சி ஒன்று உண்டு. 1970ஆம் ஆண்டின் பிற்பகுதியில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பெல் ஏர் பகுதியில் இருந்த ஒரு வீட்டில், அந்த உடல் எழுந்து உதைக்கவோ குனிந்து ஒரு பொருளை எடுக்கவோ இயலாமல் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தது.

இந்நிகழ்ச்சியைப் பள்ளி மேடைகளில் எடுத்துக்காட்டாகச் சொல்லும் பேச்சாளர் பலர் உளர். சொல்லும் முறையும் பெரும்பாலும் ஒன்றே. முதுகில் காயம் பட்டது. இனி ஒருபோதும் உதைக்க முடியாது என்று மருத்துவர் கூறினர். வீரரோ மனவுறுதியால் அவர் கூற்றைப் பொய்யாக்கி முன்னினும் வலியவராக எழுந்தார். மாணவர் கைதட்டுவர், பேச்சாளரும் அமர்ந்துவிடுவார். இவ்வாறு சொல்வதில் பொய் என்று எதுவும் இல்லை. ஆனால், கதையின் நடுப்பகுதி காணாமற் போய்விடுகிறது. ஆறு மாதங்களை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடுவதால், கேட்கும் மாணவன் வேறொரு பாடத்தை மனத்தில் ஏற்றிக்கொண்டு செல்கிறான். வலியைப் பொருட்படுத்தாமல் பயிற்சியைத் தொடர்பவனே வீரன் என்பதே அவன் கொண்டுசெல்லும் பாடம். நடந்ததோ அதற்கு நேர்மாறானது. கலப்புத் தற்காப்புக் கலைப் பயிற்சிக் கூடங்கள் இன்று கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் பெருகியுள்ளன. பள்ளி முடிந்ததும் அவற்றை நாடும் மாணவரும் உளர். ஆதலின், அந்த நடுப்பகுதியைச் சற்றே விரித்துக் காண்பது தகும்.

புரூஸ் லீ 1940ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். தந்தையார் கண்டோனிய இசைநாடக நடிகர். வளர்ந்தது ஹாங்காங்கில். அங்கே இப் மான் என்னும் ஆசானிடம் விங் சுன் என்னும் சீனத் தற்காப்புக் கலையைப் பயின்றார். 1959இல் அமெரிக்காவுக்குத் திரும்பி, சியாட்டில் நகரில் கல்லூரியில் பயின்றுகொண்டே தாம் கற்ற கலையைப் பிறர்க்குக் கற்பித்தார். 1964இல் லிண்டா எமெரி என்னும் மாணவியை மணந்தார். அதே ஆண்டின் இறுதியில், ஓக்லண்டு நகரில் மற்றொரு சீனக் கலைஞருடன் தனியறையில் நேருக்கு நேர் மோத நேர்ந்தது. துணைவியார் பின்னாளில் எழுதியவாறு, அந்த மோதல் ஏறத்தாழ மூன்று நிமிடங்களில் முடிந்தது. வென்றும் அவர் மகிழவில்லை. வெல்வதற்கு அத்தனை நேரம் ஆனதும், அதற்குள் தமக்கு மூச்சு வாங்கியதும் அவரை உறுத்தின. குறை எதிரியிடம் இல்லை, தம் பயிற்சியிலும் தம் உடலிலும் உள்ளது எனக் கண்டார்.

அன்று முதல் ஓட்டம், கயிறு தாண்டுதல், பளுதூக்குதல் என்று உடலை வளர்ப்பதில் இறங்கினார். குத்துச்சண்டை நூல்களையும் வாள்வீச்சு நூல்களையும் தேடிப் படித்தார். 1966ஆம் ஆண்டில் 'தி கிரீன் ஹோர்னெட்' தொலைக்காட்சித் தொடரில் நடித்தபோது, ஜீன் லெபெல் என்னும் யூடோ வீரரிடம் பிடிகளையும் பூட்டுகளையும் அறிந்துகொண்டார். ஒரே பள்ளியின் முறைக்குள் அடங்கிக் கிடப்பதை விடுத்து, எங்கெங்குப் பயனுள்ளது உண்டோ அங்கெல்லாம் கொள்வது என்னும் நோக்கம் உருவாயிற்று. 1967இல் அதற்கு ஜீட் குன் டோ என்று பெயரிட்டார். பிற்காலத்தில் கலப்புத் தற்காப்புக் கலைக்கு அவரைத் தந்தை என்று சிலர் புகழ்வது இதனால்தான். அவர் காலத்தில் அப்படியொரு விளையாட்டே இல்லை. அவர் அதில் போட்டியிட்டதும் இல்லை. ஆகவே தந்தை என்பதைவிட முன்னோடி என்பதே பொருந்தும்.

1970 ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள், வழக்கமான பயிற்சியின்போது, அவர் ஏறத்தாழ 57 கிலோகிராம் எடையுள்ள பளுத்தண்டைத் தோளில் ஏற்றிக்கொண்டார். அது அவருடைய உடல் எடையைவிடச் சற்றே குறைந்த எடை. கால்களை நீட்டி நின்று, இடுப்பிலிருந்து முன்னோக்கிக் குனிந்து, மீண்டும் நிமிர்வது அந்தப் பயிற்சியின் முறை. பயிற்சிக் கூடங்களில் இதற்குக் 'குட் மார்னிங்' என்று பெயர். ஒருவர் குனிந்து காலை வணக்கம் கூறுவது போன்ற தோற்றம் உடையதால் இப்பெயர் வந்தது. இத்தனை இனிய பெயருடைய பயிற்சி இத்தனை கொடியதாக முடிந்தது வியப்புத்தான். முன்னதாக உடலைச் சூடேற்றிக்கொள்ளாமல் அவர் அன்று அதனைச் செய்துவிட்டார் என்பது துணைவியாரின் எழுத்திலிருந்து தெரியவருகிறது. தொடக்கத்தில் சிறு நோவு. ஒத்தடமும் உருவுதலும் போதும் என்று எண்ணினார். அடுத்தடுத்த நாள்களில் வலி பெருகியதே ஒழியக் குறையவில்லை. பின்னரே மருத்துவரை நாடினார்.

57 கிலோகிராம் என்பது பளுதூக்குவோர்க்குப் பெரிய எடையன்று. அப்படியிருக்க அது ஏன் இவ்வளவு ஊறு விளைத்தது? தொடக்கப்பள்ளி அறிவியலில் வரும் நெம்புகோலை நினைவுகூர்ந்தால் இது விளங்கும். குனிந்து நிற்கும் ஒருவரின் இடுப்பை ஊன்றுபுள்ளி என்று கொள்வோம். தோளில் உள்ள தண்டு அப்புள்ளியிலிருந்து 40 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் இருக்கிறது. அதனைத் தாங்கி இழுக்கும் முதுகுத் தசைகளோ முள்ளெலும்பின் நடுவிலிருந்து ஐந்தாறு சென்டிமீட்டர் தொலைவிலேயே அமைந்துள்ளன. எனவே தோளில் உள்ள எடையைப்போல் ஏழெட்டு மடங்கு விசையைத் தசைகள் செலுத்தியாக வேண்டும். தண்டு மட்டுமே 400 கிலோகிராமுக்கு ஈடான இழுப்பைக் கேட்கும். குனிந்திருக்கும் தலை, கை, மார்பு ஆகியவற்றின் எடையைத் தாங்கும் விசை இதற்கு மேற்பட்டது. இத்தனை விசையும் இறுதியில் சென்று அழுத்துவது கீழ்முதுகின் எலும்புகளையும் அவற்றின் இடையே உள்ள தட்டுகளையுமே. இடைத்தட்டு என்பது வெளியே நாரால் பின்னப்பெற்ற வளையமும் உள்ளே கூழ்போன்ற மென்பொருளும் கொண்டது. முதுகு வளைந்த நிலையில் அழுத்தம் மிகும்போது அந்தக் கூழ் பின்னோக்கித் தள்ளப்படும். தட்டின் பின்புறத்திலோ நரம்புகள் செல்கின்றன. பயிற்சியைச் சரியான முறையில், குறைந்த எடையிலிருந்து தொடங்கிப் படிப்படியாகச் செய்வோர்க்கு முதுகு வலிமை பெறுகிறது என்பதும் உண்மையே. ஆயின், தசை விழித்தெழுவதற்கு முன்னரே எடையை ஏற்றினால், அதைத் தாங்குவதற்கு எலும்பும் தட்டும் தவிர வேறு துணை இல்லை.

திருவெலும்பின் நான்காம் நரம்பு நிலையாகப் பழுதுற்றது என்று மருத்துவர் கூறியதாகத் துணைவியார் எழுதுகிறார். உடற்கூற்றியல் அறிந்தோர்க்கு இது சற்று வியப்பளிக்கும். காலுக்கு இறங்கும் பெருநரம்பு, இடுப்பின் நான்காம் நரம்பு தொடங்கித் திருவெலும்பின் மூன்றாம் நரம்பு வரையிலான கிளைகள் கூடி உருவாவது. நான்காவது அதற்கும் கீழே உள்ளது. 1970இல் இன்றுள்ள காந்த அதிர்வுப் படக் கருவிகள் மருத்துவமனைகளில் இல்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். நரம்பின் பெயர் எதுவாயினும் தீர்ப்பு கடுமையாக இருந்தது. ஓய்வெடுக்க வேண்டும், உதைப்பதை மறந்துவிட வேண்டும்.

இந்தத் தீர்ப்பு எத்தகையவர் தலைமீது விழுந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவருக்கு அப்போது அகவை 29. தொலைக்காட்சித் தொடர் 1967இலேயே நின்றுவிட்டது. அதன்பின் சிறுசிறு வேடங்களே கிடைத்தன. ஸ்டீவ் மெக்குவீன், ஜேம்ஸ் கோபர்ன் முதலிய திரைப்பட நடிகர்க்கும், ஸ்டர்லிங் சிலிபண்ட் என்னும் திரைக்கதை ஆசிரியர்க்கும் தனிப்பாடம் கற்பித்து வந்த வருவாயே பெரும் துணை. 1968இல் கடன்பெற்று வாங்கிய வீட்டுக்கு மாதந்தோறும் தவணை கட்ட வேண்டும். மகன் பிராண்டனுக்கு ஐந்து வயது; மகள் ஷானனுக்கு ஒன்றரை வயதுகூட நிறையவில்லை. உடலால் பிழைக்கும் ஆசிரியனின் உடல் முடங்கினால் குடும்பம் என்னாகும்? அலுவலகத்தில் அமர்ந்து பணிபுரிவோர் முதுகுவலியுடனும் ஓரளவு காலம் தள்ளலாம். அவருக்கோ தொழிலும் பேரும் எதிர்காலமும் இடுப்புக்கும் தோளுக்கும் இடையே உள்ள அந்த ஒரு சாண் எலும்பையே நம்பி இருந்தன.

லிண்டா வேலைக்குச் சென்றார். பிறர்க்காகத் தொலைபேசி அழைப்புகளை ஏற்றுச் செய்தி குறித்துவைக்கும் நிலையம் ஒன்றில் மாலை நேரப் பணி. மனைவி உழைக்கத் தாம் வீட்டில் கிடப்பது புரூஸ் லீக்குப் பெரும் மானக்குறைவாகப் பட்டது. அதைப் பிறர் அறியலாகாது என்றே விரும்பினார். சீனக் குடும்ப மரபில் வளர்ந்த ஆடவர் ஒருவருக்கு இவ்வெண்ணம் எழுந்ததில் வியப்பில்லை. நம் குடும்பங்களிலும் இது புதியதன்று. லிண்டா திரும்பும்வரை குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர் அவரே. மேடைப் பேச்சாளர் இந்தப் பகுதியை ஏனோ தொடுவதில்லை. ஒரு வீரரின் மீட்சியில் பாதி, இரவில் களைத்து வீடு திரும்பும் ஒரு பெண்ணின் ஊதியத்தில் அடங்கியிருந்தது என்று சொன்னால் கைதட்டல் குறையும் போலும்.

முதல் மூன்று மாதங்கள் பெரும்பாலும் படுக்கையிலேயே கழிந்தன. அடுத்த மூன்று மாதங்களில் எழுந்து நடமாடினார்; ஆயினும் கடும்பயிற்சி இல்லை. மருத்துவர் விதித்த ஓய்வை மீறிக் குதித்தெழுந்தார் என்று எவரும் எழுதவில்லை. பணிந்தே கிடந்தார். மனவுறுதி என்னும் சொல்லை இங்கேதான் பயன்படுத்த வேண்டும். நாள்தோறும் பல மணி நேரம் பயின்று பழகிய உடல் அசையாதிருப்பது, அசைவதைவிடக் கடினம். தம்முடைய பெயர் அச்சிட்ட சீட்டு ஒன்றின் பின்புறத்தில், தொடர்ந்து நட என்னும் பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களை எழுதிக் கண்ணிற்படும் இடத்தில் வைத்துக்கொண்டார். நடக்க இயலாதவர் எழுதிவைத்த சொற்கள் அவை.

அந்த நாள்களில் அவர் படித்தவையும் எழுதியவையும் ஏராளம். அவருடைய வீட்டில் நூல்கள் பெருகிக் கிடந்தன. கல்லூரியில் மெய்யியல் நூல்களை விரும்பிப் படித்தவர் ஆதலால், சீனத் தாவோ நூல்களோடு மேலைநாட்டு அறிஞர் எழுதியவையும் இருந்தன. குத்துச்சண்டையையும் வாள்வீச்சையும் பற்றிய நூல்களும் கலந்திருந்தன. அவற்றுள் தமிழ் வாசகர் சற்று நின்று நோக்கத்தக்க பெயர் ஒன்று உண்டு, ஜே. கிருஷ்ணமூர்த்தி. 1895இல் அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மதனபள்ளியில் பிறந்து, சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபையாரால் வளர்க்கப்பெற்று, உலகாசானாக முடிசூட்டப்படவிருந்த வேளையில், 1929இல் தமக்கென அமைக்கப்பட்ட இயக்கத்தைத் தாமே கலைத்தவர் அவர். மெய்ம்மையை எந்தக் குழுவாலும் எந்த மரபாலும் ஒருவனுக்கு வழங்கிவிட முடியாது என்பது அவர்தம் கொள்கை. லாஸ் ஏஞ்சல்சுக்குச் சில மணி நேரப் பயணத்தில் உள்ள ஓஹாய் என்னும் ஊரில் அவர் பல ஆண்டுகள் வாழ்ந்தார். அடையாற்றங்கரையில் தொடங்கிய ஒரு சிந்தனை, பெல் ஏரில் படுத்திருந்த ஒரு சீனச் சண்டைக் கலைஞரைச் சென்று சேர்ந்தது. சமயத்தைப் பற்றிக் கிருஷ்ணமூர்த்தி சொன்னதைப் புரூஸ் லீ சண்டைக் கலைக்குப் பொருத்தினார். எந்தப் பள்ளியின் முறையும் முழு உண்மையாகாது. முறைக்குள் அடைபட்டவன் எதிரில் நிற்பவனைக் காண்பதில்லை, தன் முறையையே காண்கிறான் என்பது அவர் கண்ட முடிவு.

குறிப்பேடுகள் நிரம்பின. நிற்கும் நிலை, காலடி வைப்பு, குத்து, உதை, ஏமாற்று, தொலைவு ஆகியவற்றைப் பற்றிய குறிப்புகள் ஒருபுறம். மனநிலை பற்றிய சிந்தனைகள் மறுபுறம். பிறர் நூல்களிலிருந்து எடுத்தவை, தம் சொற்களில் மாற்றியவை, தாமே கண்டவை எல்லாம் கலந்தே இருந்தன. உடலால் செய்து பார்க்க இயலாததால் மனத்தால் செய்து பார்த்தார் எனலாம். ஓடிக்கொண்டே இருக்கும் ஆசிரியனுக்குத் தன் பாடத்தை எழுதிப் பார்க்க நேரம் கிடைப்பதில்லை. பயிற்சிக் கல்லூரியில் பாடக்குறிப்பு எழுதப் பழகிய பின்னரும் பலர் அதைக் கைவிடுவதற்கு அதுவே காரணம். காயம் அவருக்குக் கொடுத்த ஒரே நன்மை நேரம். அந்தச் சிந்தனையின் சாரமாக அவர் எழுதிய கட்டுரை ஒன்று, 1971 செப்டம்பரில் 'பிளாக் பெல்ட்' என்னும் அமெரிக்க இதழில் வெளிவந்தது. மரபுவழிக் கராத்தேயின் கட்டுகளிலிருந்து விடுபடுமாறு வாசகரை அழைத்த அந்தக் கட்டுரை அக்காலத்தில் பலருக்குச் சினமூட்டியிருத்தல் கூடும்.

ஆறு மாதங்களுக்குப் பின் மெல்லப் பயிற்சிக்குத் திரும்பினார். 1971 தொடக்கத்தில், தாம் எடுக்க விரும்பிய திரைப்படம் ஒன்றுக்கு இடம் தேடிக் கோபர்னோடும் சிலிபண்டோடும் இந்தியாவுக்குச் சென்றுவந்தார். அந்தப் படம் அப்போது கைகூடவில்லை. அவ்வாண்டின் நடுவில் தாய்லாந்தில் 'தி பிக் பாஸ்' படப்பிடிப்பு. அடுத்த இரண்டே ஆண்டுகளில் உலகம் அவரை அறிந்தது. 1973இல் வெளிவந்த 'எண்டர் தி டிராகன்' படத்தின் தொடக்கத்தில் சம்மோ ஹங்குடன் அவர் மோதும் காட்சி இன்றும் பேசப்படுகிறது. இருவரும் விரல்கள் வெளியே தெரியும் சிறு கையுறைகளை அணிந்துள்ளனர்; குத்தும் உதையும் எறிதலும் கலந்து, இறுதியில் எதிரியின் கையைப் பூட்டி அவரைத் தோல்வியை ஒப்புக்கொள்ளச் செய்வதோடு முடிகிறது. பின்னாளில் வரவிருந்த விளையாட்டின் வடிவம் முழுவதும் அந்தச் சில நிமிடங்களில் காணக்கிடைக்கிறது.

அந்த விளையாட்டு அமெரிக்காவில் 1993 நவம்பர் 12ஆம் நாள் டென்வர் நகரில் நடந்த போட்டியோடு பெரும்புகழ் பெறத் தொடங்கியது. 2000ஆம் ஆண்டில் நியூ ஜெர்சியில் பொதுவிதிகள் வகுக்கப்பெற்றன. 2011இல் சிங்கப்பூரில் ஒன் சாம்பியன்ஷிப் நிறுவனம் தோன்றியபின் தென்கிழக்கு ஆசிய இளைஞர்க்கு அது அண்டை வீட்டு விளையாட்டாயிற்று. இதைப் பயில்வோர்க்கு முதுகு ஏன் அடிக்கடி நோகிறது என்பதற்குக் காரணம் அதன் கலப்பிலேயே உள்ளது. உதைப்பவனுக்கு இடுப்பு சுழல வேண்டும். மற்போரில் எதிரியைத் தூக்கி வீழ்த்துபவனுக்குக் குனிந்து நிமிரும் வலிமை வேண்டும். தரையில் மல்லாந்து கிடந்து, மேலே அமர்ந்தவனைக் கால்களால் பின்னித் தடுப்பவனுக்கு முதுகு வில்லாக வளைய வேண்டும். தனித்தனிக் கலைகளாக இருந்தபோது ஒவ்வொன்றும் முதுகிடம் ஒருவகை வேலையைக் கேட்டது. இப்போது ஒரே மாலையில் மூன்று ஆசான்கள் மூன்று வகை வேலையைக் கேட்கின்றனர். கால் களைத்தால் கை உதவும். முதுகு களைத்தால் உதவ எவருமில்லை.

அவ்வாறு முதுகில் காயம்பட்ட மாணவன், புரூஸ் லீயைப் பின்பற்றி மூன்று மாதம் படுத்துக்கொள்ள வேண்டுமா? வேண்டியதில்லை. நெடுநாள் படுக்கை என்பது அக்கால மருத்துவ வழக்கம். சாதாரண முதுகுவலிக்கு ஏழு நாள் படுக்கையைவிட இரண்டு நாள் படுக்கை குறைந்த பயன் தருவதன்று என்று காட்டிய அமெரிக்க ஆய்வு ஒன்று 1986இல் வெளிவந்தது. அதன்பின் மருத்துவர் கருத்து பெரிதும் மாறியது. வலி பொறுக்குமளவு நடமாடுவது, அன்றாட வேலைகளை விடாதிருப்பது, பயிற்சியாளர் துணையுடன் தசைகளைப் படிப்படியாக வலுப்படுத்துவது என்பனவே இன்று பெரும்பாலோர்க்குக் கூறப்படும் அறிவுரைகள். பிதுங்கிய இடைத்தட்டுகூடப் பலருக்கு அறுவை மருத்துவமின்றியே சில மாதங்களில் தணிகிறது. ஆனால், கால் வலிமை இழந்தாலோ, தொடைகளின் உட்புறமும் அமரும் இடமும் மரத்துப்போனாலோ, சிறுநீரையும் மலத்தையும் அடக்க இயலாமற் போனாலோ ஒருநாளும் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இதைப் பயிற்சிக் கூடத்து ஆசான்கள் அனைவரும் அறிந்திருத்தல் நன்று.

ஆக, அன்றைய ஓய்வு இன்றைய ஓய்வன்று. மாறாதது, காயத்தை ஒப்புக்கொள்ளும் நேர்மை. இங்குக் கெய்ன் வெலாஸ்குவெஸ் என்னும் வீரரைக் குறிப்பிட வேண்டும். கனவெடைப் பிரிவில் உலக வாகையராக விளங்கிய அவர், 2016 தொடக்கத்தில் முதுகுக் காயத்தால் போட்டியிலிருந்து விலகி அறுவை மருத்துவம் செய்துகொண்டார். அவ்வாண்டு சூலையில் திரும்பிவந்து முதற்சுற்றிலேயே வென்றார். டிசம்பர் 30ஆம் நாள் லாஸ் வேகசில் மற்றொரு போட்டி இருந்தது. அதற்கு முன் அளித்த நேர்காணல் ஒன்றில், முதுகில் வலி மீண்டும் மிகுந்துள்ளது, போட்டி முடிந்த சில நாள்களில் மறுபடி அறுவை மருத்துவம் செய்துகொள்ளப் போகிறேன் என்று மறைக்காமல் கூறிவிட்டார். நெவாடா மாநில விளையாட்டு ஆணையம் அவர் போட்டியிடத் தகுதியற்றவர் எனத் தடுத்துவிட்டது. உண்மை பேசியதற்குத் தண்டனையா என்று வருந்தியோர் இருந்திருப்பர். அந்த வருத்தத்தில் பொருளில்லாமலும் இல்லை. வாய் திறந்தவன் களமிழந்தான் என்று கண்ட மற்றவர் வாய்மூடக் கற்றுக்கொள்வர் அல்லவா? இருப்பினும், எழுந்து நிற்க அல்லற்படும் ஒருவரைக் கூண்டுக்குள் அனுப்பி, அவரினும் வலியவர் தாக்க விடுவதை எந்த ஆணையமும் ஏற்க இயலாது. பள்ளிப் போட்டிக்கு முதல்நாள், காலில் வீக்கத்தை மறைத்துக் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்கும் மாணவனை உடற்கல்வி ஆசிரியர் ஒவ்வொருவரும் கண்டிருப்பர். அவனைக் கேட்டால் வலிக்கவில்லை என்பான். கேட்கும் ஆசிரியருக்கும் வெற்றிக் கிண்ணம் வேண்டும் என்றால், அந்த மறுமொழியே போதுமானதாகிவிடும்.

புரூஸ் லீயின் முதுகு முற்றும் குணமாகவில்லை. திரையில் பறந்து உதைத்த அந்த மூன்றாண்டுகளிலும் வலி அவரை விடவில்லை என்று துணைவியார் எழுதியுள்ளார். கண்டு களித்தவர் எவரும் அதை அறியவில்லை. 1973 சூலை 20ஆம் நாள், தம் 32ஆம் வயதில், மூளை வீக்கத்தால் அவர் ஹாங்காங்கில் இறந்தார்.

படுக்கையில் இருந்தபடி எழுதிய குறிப்புகளை 1971இல் நூலாக்க எண்ணினார்; திரைப்பட வேலை இடைமறித்தது. வேறொரு தயக்கமும் இருந்தது. முறைகளுக்கு அடிமையாகாதீர் என்று சொல்லும் நூலையே மாணவர் மற்றொரு முறையாகக் கொண்டு மனப்பாடம் செய்துவிடுவரோ என்று அஞ்சினார். அவர் மறைந்தபின் லிண்டா அந்தக் குறிப்பேடுகளை எடுத்துக் கொடுக்க, கில்பர்ட் ஜான்சன் என்பவர் தொகுத்து ஒழுங்குபடுத்தினார். 'தாவோ ஆஃப் ஜீட் குன் டோ' என்னும் பெயரில் 1975இல் அது வெளிவந்தது. இயல்களும் தலைப்புகளும் தொகுத்தவர் அமைத்தவை. குறிப்புகள் பலவும் துண்டு துண்டாகவே நிற்கின்றன. நடுவே அவர் கையால் வரைந்த சிறுசிறு கோட்டோவியங்களில் மனிதர் குத்துகின்றனர், விலகுகின்றனர், காலை உயர்த்தி உதைக்கின்றனர்.